மிளகும் பொன்னும் கட்டிய நகரங்கள்: போர்ச்சுகல் பயணக் குறிப்புகள்

புதன் மாலை, லிஸ்பன்

லிஸ்பன் விமான நிலையம் ஊரை ஒட்டியே இருப்பதால், மெட்ரோவின் சிவப்புத் தடத்தில் ஏறி அலமேடாவில் பச்சைத் தடத்துக்கு மாறினால் அரை மணி நேரத்தில் ரொசியூ சதுக்கத்தில் வந்து இறங்கிவிடலாம். சில மாற்றுடைகள், ஒரு மழைச்சட்டை, ஒரு துண்டு, ஒரு குறிப்பேடு என்று எல்லாவற்றையும் ஒரே முதுகுப்பைக்குள் அடக்கிக்கொண்டு வந்ததன் அருமை, சதுக்கத்திலிருந்து விடுதிக்கு ஏறும்போதே தெரிந்தது. ஏழு குன்றுகளின் மேல் அமைந்த ஊர் என்று இதைச் சொல்வார்கள். எந்தத் தெருவில் திரும்பினாலும் ஏற்றமோ இறக்கமோதான். சக்கரப் பெட்டிகளோடு வந்தவர்கள் படிக்கட்டுகளின் அடியில் மூச்சு வாங்க நின்றிருந்தார்கள்.

தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவளுக்கு இந்த நாடு முற்றிலும் அந்நியமானதல்ல. பெர்னாண்டோ, ரொட்ரிகோ, கோஸ்தா என்பவை எங்கள் பக்கத்து வீட்டுப் பெயர்கள். 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பை நாடி ஞானஸ்நானம் பெற்றது தொடங்கி, 1658இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தது வரையில், எங்கள் கடற்கரையின் தலையெழுத்தில் லிஸ்பனுக்கும் பங்கு இருந்தது. ஆகவே இந்நகரங்களின் அழகைப் பார்ப்பதோடு, அந்த அழகை எழுப்பிய பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டே போக வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன்.

விடுதிக்கு அருகில் நடைபாதையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த ஒருவரின் முன்னால் வெகுநேரம் நின்றேன். லிஸ்பனின் நடைபாதைகள் எல்லாம் கைப்பிடிக்குள் அடங்கும் வெள்ளைச் சுண்ணாம்புக் கற்களாலும் கறுப்புக் கற்களாலும் கையால் பதிக்கப்பட்டவை. தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்திருந்த அவர், குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் புரட்டி, சிறு சுத்தியலால் இரண்டு மூன்று தட்டுத் தட்டி, ஓரம் சரியானதும் மணல் படுகையில் இறக்கி, மறுபடி ஒரு தட்டுத் தட்டி அமர்த்தினார். அடுத்த கல்லுக்கான இடத்தை முந்தைய கல்லே தீர்மானித்துக் கொடுத்தது. ஒரு முழ நீளம் நிறைய வெகுநேரம் ஆயிற்று. இக்கற்கள் தேய்ந்து வழவழப்பாகி, தூறல் விழுந்தாலே வழுக்கும். நல்ல பிடிப்புள்ள காலணி இல்லாமல் இந்த ஊருக்கு வரக் கூடாது.

வியாழன், லிஸ்பன்

இந்நகரின் வரலாற்றை 1755 நவம்பர் 1 இரண்டாகப் பிளக்கிறது. அனைத்துப் புனிதர்கள் திருநாளான அன்று காலை, மக்கள் கோயில்களில் நிறைந்திருந்த வேளையில் நிலம் அதிர்ந்தது. தப்பியவர்கள் இடிபாடுகளுக்கு அஞ்சி ஆற்றங்கரையின் திறந்த வெளிக்கு ஓட, கடல் பொங்கி அங்கேயும் வந்தது. அதன்பின் திருநாளுக்காக ஏற்றியிருந்த மெழுகுவர்த்திகளும் அடுப்புகளும் கவிழ்ந்து மூண்ட தீ நாள்கணக்கில் எரிந்தது. ஆற்றங்கரையிலிருந்த அரண்மனையும், கிழக்கு நாடுகளோடு நடந்த வணிகம் முழுவதையும் மேற்பார்த்த இந்திய இல்லமும் அதில் அழிந்தன. அந்த இடம்தான் இன்று மஞ்சள் கட்டடங்கள் மூன்று புறமும் சூழ்ந்த வணிகச் சதுக்கம்.

சதுக்கத்துக்குப் பின்னால் பைஷா என்ற பகுதியில் தெருக்கள் நூல் பிடித்தாற்போல நேராக ஓடுகின்றன. அமைச்சராக இருந்த பொம்பால் பிரபு அழிவின் மேல் புதிதாக வரைந்து கட்டிய நகரம் இது. சுவர்களுக்குள் குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டங்களைக் கூண்டுபோலப் பொருத்தி, நிலம் அசைந்தால் கட்டடமும் உடையாமல் அசைந்து கொடுக்கும்படி செய்தார்கள். அம்மாதிரிக் கூண்டைச் சோதிக்கப் படைவீரர்களை அதைச் சுற்றி நடைபோட வைத்ததாகச் சொல்வார்கள். ஐரோப்பாவில் நிலநடுக்கத்தை எண்ணித் திட்டமிட்டுக் கட்டிய முன்னோடி வீடுகள் இவை.

மேட்டின் மேல் உள்ள கார்மோ மடத்தின் கோயிலுக்கு அன்று விழுந்த கூரையைத் திருப்பிப் போடவே இல்லை. வளைவுகள் மட்டும் வானத்தைத் தாங்கி நிற்கின்றன. தரையில் புல் முளைத்திருக்கிறது. அதன் வாசலிலுள்ள சிறு சதுக்கத்தில்தான் 1974 ஏப்ரல் 25 அன்று மக்களும் படைவீரர்களும் திரண்டு நிற்க, படைமுகாமுக்குள் ஒளிந்திருந்த தலைமை அமைச்சர் மார்செலோ கயெத்தானோ சரணடைந்தார். ஐம்பது ஆண்டுகளை நெருங்கிய சர்வாதிகாரம், துப்பாக்கிக் குழல்களில் கார்னேஷன் பூக்களைச் செருகிக்கொண்ட வீரர்களின் முன்னால் ஒரே நாளில் முடிவுக்கு வந்தது.

இறங்கி வந்து புனித தொமினிக் கோயிலுக்குள் நுழைந்தேன். 1959இல் தீப்பிடித்து எரிந்த இக்கோயிலை மீண்டும் திறந்தபோது, வெந்து வெடித்த தூண்களை அப்படியே விட்டுவிட்டார்கள். கையை வைத்தால் கல் பொருக்குப் பொருக்காக உதிருமோ என்று தோன்றும். வெளியே உள்ள நினைவுக்கல், 1506இல் இங்கு தொடங்கிய வெறியாட்டத்தில் கொல்லப்பட்ட யூதர்களுக்கானது. கட்டாயமாக மதம் மாற்றப்பட்டு 'புதுக் கிறிஸ்தவர்' என்று அழைக்கப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் அந்நாள்களில் மாண்டார்கள். அதே சதுக்கத்தில் இன்று ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முதியவர்கள் கூடி நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். லிஸ்பனைப் பார்க்க வருபவர்கள் பெரும்பாலோர் இச்சதுக்கத்தை மூலையிலுள்ள கிஞ்ஜின்யா மதுக்கடைக்காக மட்டுமே அறிவது வருத்தமாக இருக்கிறது.

இரவு அல்ஃபாமா என்ற பழைய பகுதியில் ஒரு சிறு உணவகத்தில் ஃபாடோ என்ற இந்நாட்டுப் பாட்டைக் கேட்டேன். பாட்டுத் தொடங்கும் முன் விளக்கைக் குறைத்துப் பரிமாறுவதையும் நிறுத்திவிடுகிறார்கள். கரண்டிச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. 12 தந்திகள் கொண்ட போர்ச்சுகீசிய கித்தார் ஒன்று, சாதாரண கித்தார் ஒன்று, நடுவில் கறுப்புச் சால்வையில் ஒரு பெண். ஒலிபெருக்கி இல்லை. மேல்சுருதியில் அவர் குரலை நிறுத்திப் பிடித்தபோது, கித்தார்க்காரர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, மூச்சு திரும்பும் இடம் வரை விரலைத் தந்தியின் மேல் அசையாமல் வைத்திருந்தார். தனியாக வந்தவளுக்குக் கதவோரத்தில் ஒரு சிறு மேசை தந்திருந்தார்கள். அதைவிட நல்ல இடம் அந்த அறையில் இல்லை.

வெள்ளி, பெலெம்

15ஆம் எண் டிராமில் ஏறி ஆற்றோரமாக மேற்கே போனால் பெலெம். வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் 1497இல் புறப்பட்ட கரை இது. இங்குள்ள ஜெரோனிமோஸ் மடத்துக்கு இணையான கட்டடத்தை நான் இதுவரை பார்த்ததில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1501இல் மன்னர் முதலாம் மனுவேல் தொடங்கிவைத்த பணி நூறாண்டு அளவு நீடித்தது. ஆப்பிரிக்காவிலிருந்தும் கிழக்கு நாடுகளிலிருந்தும் வந்த சரக்கின் மேல் விதித்த ஏறத்தாழ 5 சதவீத வரியிலிருந்து அதற்குப் பணம் வந்தது. அதற்கு மிளகு வரி என்றே பெயர். மலபார்க் கரையில் மூட்டை கட்டிய மிளகு இங்கே கல்லாக மாறி நிற்கிறது.

மடத்தின் உள்முற்றத்தில் ஒரு தூணையும் விடாமல் சுற்றி வந்தேன். முறுக்கிய கப்பல் கயிறுகள், முடிச்சுகள், பவளம், கடற்பாசி, வானியல் கோளங்கள் என்று கடல் சார்ந்த எல்லாமே வெண்சுண்ணாம்புக் கல்லில் செதுக்கப்பட்டிருக்கின்றன. கோயிலின் வாசலருகே ஒரு புறம் வாஸ்கோ ட காமாவின் கல்லறை, மறுபுறம் அவருடைய பயணத்தைக் காவியமாகப் பாடிய கவிஞர் கமோயிஷின் கல்லறை. காமா 1524இல் கொச்சியில் இறந்து அங்குள்ள புனித பிரான்சிஸ் கோயிலில் அடக்கம் செய்யப்பட்டு, 1539இல்தான் அவர் எலும்புகள் இந்நாட்டுக்கு வந்தன. கல்லறையின் பக்கத்தில் செதுக்கப்பட்டிருக்கும் கப்பலின் பாய்மரத்தைத் தடவிக்கொண்டே சுற்றுலாக் குழுக்கள் கடந்து போகின்றன. 1502இல் அவர் இரண்டாம் முறை வந்தபோது, மெக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த யாத்திரிகர்களின் கப்பலை மலபார்க் கரைக்கு அருகே பெண்கள், குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கானவர்களோடு எரித்தார். அதை அக்கோயிலில் யாரும் சொல்வதில்லை. ஆனால் அது தெரிந்த நாம் அங்கே நிற்கும்போது அதை மறக்கவும் முடியாது.

கோயிலின் கருவறைப் பக்கம் போனவர்கள் ஒரு நிமிடம் குனிந்து பார்க்க வேண்டும். மனுவேலின் கல்லறையும் அவர் மகன் மூன்றாம் ஜுவானின் கல்லறையும் பளிங்கு யானைகளின் முதுகில் வைக்கப்பட்டிருக்கின்றன. நம் ஊர்ச் சிற்பிகளின் யானைக்கு இருக்கும் நடையும் குழைவும் இவற்றில் இல்லை. காது விரைப்பாக இருக்கிறது, துதிக்கை ஒட்டவைத்தாற்போலத் தொங்குகிறது. இரண்டு மன்னர்களின் பாரத்தையும் ஆசியாவின் விலங்குகள் சுமக்கும்படி வைத்ததைவிட வெளிப்படையாக ஒரு பேரரசு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள முடியாது.

ஆற்றங்கரையில் உள்ள பெலெம் கோபுரத்தின் ஒரு காவல்மாடத்தின் அடியில், மழையிலும் உப்புக்காற்றிலும் தேய்ந்துபோன ஒரு காண்டாமிருகத்தின் தலை இருக்கிறது. குஜராத் சுல்தான் கொடுத்த காண்டாமிருகம் ஒன்று 1515இல் கப்பலில் லிஸ்பன் வந்து சேர்ந்தது. அதற்கு முன் பல நூற்றாண்டுகளாக ஐரோப்பாவில் எவரும் அவ்விலங்கைக் கண்டதில்லை. மன்னர் அதைப் போப்பாண்டவருக்கு அன்பளிப்பாக அனுப்பிவைக்க, இத்தாலிக்கு அருகே கப்பல் மூழ்கி, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த அது நீந்த வழியில்லாமல் இறந்தது.

அங்கிருந்து சற்றுத் தொலைவில் 1960இல் எழுப்பிய கண்டுபிடிப்புகளின் நினைவுச்சின்னம், 50 மீட்டருக்கும் மேல் உயர்ந்து, ஆற்றுக்குள் பாயும் கப்பலின் வடிவில் நிற்கிறது. 15ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்கக் கரைக்குக் கப்பல்களை அனுப்பிவைத்த இளவரசர் என்றிக்கேவை முன்னிறுத்தி மாலுமிகளும் பாதிரிமாரும் மன்னர்களுமாக 33 உருவங்கள். எங்கள் கடற்கரைக்கு வந்த புனித சவேரியாரும் அவர்களில் ஒருவர். கவிஞர் உண்டு, வரைபடம் வரைந்தவர் உண்டு. இவர்களுடைய கப்பல்கள் போய்ச் சேர்ந்த கரைகளில் இருந்தவர் ஒருவரும் இல்லை. சின்னத்தை இடிக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதன் நிழலில், அக்கரைகளில் நடந்ததைச் சொல்லும் ஒரு கல்வெட்டாவது இருந்தால்தான் அந்த இடம் நேர்மையாகும்.

இங்கே வர எனக்குச் சொந்தமான ஒரு காரணமும் உண்டு. தமிழ் முதன்முதலாக அச்சில் ஏறியது நம் மண்ணில் அல்ல, இந்த லிஸ்பன் நகரில்தான். 1554இல் ரோமன் எழுத்தில், போர்ச்சுகீசிய வரிகளுக்கு இடையில் ஒரு செப நூலாக. அதை உருவாக்குவதில் உழைத்தவர்கள் ஞானஸ்நானப் பெயர்களால் மட்டுமே அறியப்படும், அன்று லிஸ்பனில் வாழ்ந்த தமிழர்கள். கடல் கடந்து வந்து, தம் பேச்சை அந்நிய எழுத்தில் கோத்துக் கொடுத்த அவர்களை நினைத்துக்கொண்டே ஆற்றங்கரையில் நடந்தேன். 1837 முதல் முட்டைப்பாகு அப்பம் சுடும் புகழ்பெற்ற கடையில் நின்றுகொண்டே இரண்டு சாப்பிட்டேன். மேலே தூவ லவங்கப்பட்டைத் தூள் வைத்திருக்கிறார்கள்.

சனி, லாகோஸ்

விடியற்காலை ரயிலில் தெற்கே புறப்பட்டு, துனெஷில் வண்டி மாறி லாகோஸ் வந்தேன். பொன்னிறப் பாறைகளும் பச்சைக் கடலுமாக அழகான ஊர். அதற்காகவே கூட்டம் வருகிறது. நான் வந்தது வேறொன்றுக்காக. 1444 ஆகஸ்டில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட 235 பேர் இவ்வூர்க் கரையில் இறக்கப்பட்டு, கூறு போட்டுப் பங்கிடப்பட்டார்கள். அரசவை வரலாற்றாசிரியரான சுராரா, தாயையும் பிள்ளையையும் பிரித்தபோது எழுந்த அழுகையை எழுதிவைத்திருக்கிறார். இளவரசர் என்றிக்கே குதிரை மேலிருந்தபடியே தமக்குரிய ஐந்தில் ஒரு பங்கைப் பெற்றுக்கொண்டதையும் அவரே எழுதியிருக்கிறார். பெலெம் சின்னத்தின் முனையில் நிற்பவர் இதே என்றிக்கேதான்.

அடிமைச் சந்தை என்று அழைக்கப்படும் வளைவுகள் கொண்ட கட்டடம் இன்று சிறு அருங்காட்சியகம். 2009இல் நகர மதிலுக்கு வெளியே வாகன நிறுத்தம் கட்டத் தோண்டியபோது, பழைய குப்பைமேட்டில் 150க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. அடக்கம் செய்யப்படாமல் வீசப்பட்டவர்கள் அவர்கள். சிலர் கை கட்டப்பட்ட நிலையில் கிடந்தார்கள். இதைப் படித்துவிட்டு வெளியே வந்தபோது, சதுக்கத்தின் நடுவே என்றிக்கேவின் சிலை வெயிலில் உட்கார்ந்திருந்தது. கடற்கரைக்குப் போக மனம் வரவில்லை. விடுதியின் பெண்கள் அறையில் மேல்கட்டிலில் படுத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

ஞாயிறு, எவோராவுக்குப் போகும் வழி

லாகோஸிலிருந்து எவோராவுக்கு நேர் ரயில் இல்லை. வழியில் வண்டி மாற வேண்டும், பொறுமையும் வேண்டும். ஆனால் அலென்தேஜு சமவெளியைப் பார்க்க மெதுவான வண்டியே நல்லது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை தக்கை மரங்கள். கிளை பிரியும் இடம் வரை பட்டை உரித்த தண்டு செம்மண் நிறத்தில் இருக்க, அதன் மேல் வெள்ளைச் சாயத்தில் ஒற்றை எண் எழுதியிருக்கிறது. பட்டை உரித்த ஆண்டின் கடைசி இலக்கம் அது. ஒன்பது ஆண்டுகள் ஆகாமல் மறுபடி உரிக்கக் கூடாது. நட்ட மரம் முதல் உரிப்புக்கு ஏறத்தாழ 25 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். முதலிரு உரிப்புகளின் பட்டை சீசா மூடிக்கு ஆகாது. பாட்டன் நட்டதைப் பேரன் விற்கும் தொழில். உலகின் தக்கையில் பாதியளவு இந்நாட்டில்தான் விளைகிறது. இந்தப் பயணத்தில் இதுவரை கண்ட செல்வங்களில், எவரிடமிருந்தும் பறிக்காமல் வந்தது இது ஒன்றுதான் என்று தோன்றியது.

திங்கள், எவோரா

மதிலுக்குள் அடங்கிய வெள்ளை நகரம். சுவர்களுக்கு அடியில் மஞ்சள் பட்டை. நடுவில், 1ஆம் நூற்றாண்டு ரோமானியக் கோயிலின் தூண்கள் நிற்கின்றன. இடைக்காலத்தில் தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பி, பிற்காலத்தில் 19ஆம் நூற்றாண்டு வரை இறைச்சிக் கடையாகப் பயன்படுத்தினார்கள். சுவர்தான் தூண்களைக் காப்பாற்றியது. ஊருக்கு நீர் கொண்டுவந்த கால்வாய்ப் பாலம் 1537இல் முடிந்தது. பெலெம் கோபுரத்தைக் கட்டிய பிரான்சிஸ்கோ த அருடாதான் இதையும் அமைத்தவர். மதிலை நெருங்க நெருங்க அதன் வளைவுகள் தாழ்ந்து வர, ஒவ்வொரு வளைவுக்குள்ளும் ஒரு வீடு, ஒரு கடை, ஒரு கதவு என்று மக்கள் குடியேறியிருக்கிறார்கள்.

எலும்பு மண்டபத்தைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். சுமார் 5,000 பேரின் எலும்புகளையும் மண்டையோடுகளையும் சுவரிலும் தூணிலும் பதித்த பிரான்சிஸ்கன் துறவிகள், வாசலில் 'இங்கிருக்கும் எலும்புகளாகிய நாங்கள் உங்கள் எலும்புகளுக்காகக் காத்திருக்கிறோம்' என்று பொறித்திருக்கிறார்கள். நிலையாமை பாடிய மொழியில் வளர்ந்தவர்களுக்கு அச்செய்தி புதிதல்ல. லாகோஸைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு, இந்த எலும்புகள் ஒழுங்காகவும் மரியாதையோடும் அடுக்கப்பட்டிருந்ததுதான் கண்ணில் பட்டது.

மதியம் அசோர்தா சாப்பிட்டேன். பூண்டையும் கொத்தமல்லித் தழையையும் கல்லுப்போடு இடித்து, ஆலிவ் எண்ணெய் விட்டு, கொதிநீர் ஊற்றி, பழைய ரொட்டியைப் போட்டு, மேலே ஒரு முட்டையை மிதக்கவிடுகிறார்கள். ஏழை விவசாயக் கூலிகளின் உணவு அது. கிண்ணத்திலிருந்து எழுந்த கொத்தமல்லி மணம் போதும், வயிறு தானாகத் திறந்துகொண்டது. இந்நாட்டு உணவகங்களில், கேட்காமலேயே மேசைக்கு வரும் ரொட்டிக்கும் ஆலிவுக்கும் சீஸுக்கும் தனிக் காசு. வேண்டாம் என்றால் மறுப்பில்லாமல் எடுத்துப்போவார்கள். கையைக் கடிக்கும் பயணத்தில் இது தெரிந்திருப்பது நல்லது.

செவ்வாய், விலா விசோசா

சுற்றுலாக் கையேடுகள் அரைப் பக்கத்தில் முடித்துவிடும் இச்சிற்றூருக்கு எவோராவிலிருந்து பேருந்தில் வந்தேன். பளிங்குச் சுரங்கங்களின் நடுவே உள்ள ஊர். வாசல்நிலை பளிங்கு, நடைபாதையின் ஓரக்கல் பளிங்கு, ஏழை வீட்டுச் சன்னல் விளிம்பும் பளிங்கு. ஊருக்கு வெளியே, வெட்டியெடுத்த குழிகள் செங்குத்தாகக் கீழே இறங்கி, அடியில் பச்சை நீர் தேங்கி நிற்கின்றன.

பிரகன்சா பிரபுக்களின் அரண்மனை முகப்பு மட்டும் 110 மீட்டர் நீளம். 1638இல் இங்கே பிறந்த கத்தரீனாவை 1662இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் மணந்தபோது, பம்பாய் சீதனமாகக் கைமாறியது. ஆறு ஆண்டுகள் கழித்து மன்னர் அதை ஆண்டுக்கு 10 பவுன் வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் கொடுத்தார். ஒரு கல்யாணப் பேச்சில் இந்தியாவின் வருங்காலம் எவ்வளவு திரும்பிவிட்டது! மன்னர் கார்லோஸ் தம் கடைசி இரவைக் கழித்த அறையையும் காட்டினார்கள். 1908 பிப்ரவரி 1 அன்று இங்கிருந்து லிஸ்பன் போய் இறங்கியவரை, நான் முதலில் எழுதிய அந்த வணிகச் சதுக்கத்தில் சுட்டுக் கொன்றார்கள்.

ஆனால் நான் இவ்வூருக்கு வந்தது அரசர்களுக்காக அல்ல. 1520இல் இங்கே பிறந்த என்றிக்கே என்றிக்கஸ், எங்கள் பக்கத்தில் அண்டிரிக் அடிகளார் என்று அறியப்படுபவர், 1546இல் இந்தியாவுக்கு வந்து, முத்துக்குளித்துறையில் தம் வாழ்நாளைக் கழித்து, தமிழைக் கற்று, அதற்குப் போர்ச்சுகீசிய மொழியில் இலக்கணம் எழுதினார். அக்கையெழுத்துப்படி லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கிறது. 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்துகளிலேயே அச்சான தம்பிரான் வணக்கம் அவர் உழைப்பில் வந்தது. 1600இல் இறந்த அவரைத் தூத்துக்குடியில் அடக்கம் செய்தார்கள். ஊரின் தெருக்களில் மாலை வரை சுற்றியும் அவரை நினைவூட்டும் எதுவும் என் கண்ணில் படவில்லை. தேநீர்க் கடையில் இருந்த முதியவரிடம் கைபேசியின் மொழிபெயர்ப்பு உதவியோடு சொன்னேன். அவர் அக்கறையோடு கேட்டு, பெயரை ஒரு காகிதத்தில் எழுதித் தரச் சொல்லி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வியாழன், கோயிம்ப்ரா

நேற்று முழுவதும் பயணம். எவோரா ரயில் லிஸ்பனை நெருங்கும்போது, ஏப்ரல் 25 பாலத்தின் கீழ்த்தளத்தில் ஆற்றைக் கடக்கிறது; ஊர் முழுவதும் சன்னலுக்குள் வந்துவிடும். அங்கிருந்து இன்னொரு வண்டியில் கோயிம்ப்ரா.

1290இல் லிஸ்பனில் தொடங்கி, பலமுறை இடம் மாறி, 1537இல் இங்கே நிலைத்த பல்கலைக்கழகம் குன்றின் உச்சியில் இருக்கிறது. மாணவர்கள் சிலர் இன்றும் கணுக்கால் வரை தொங்கும் கறுப்பு மேலங்கியோடு வகுப்புக்குப் போகிறார்கள். எல்லாரும் பார்க்க வருவது 1728இல் முடிந்த ஜோவானினா நூலகம். பிரேசில் சுரங்கங்களின் பொன் இந்நாட்டில் வெள்ளமாகப் பாய்ந்த காலத்தில் மன்னர் ஐந்தாம் ஜுவான் கட்டியது. அப்பொன்னைத் தோண்டியவர்கள் அடிமைகள். பச்சை, சிவப்பு, கறுப்பு அரக்குப் பூச்சின் மேல் பொன் கொடிகள் ஓடும் அலமாரிகள் இரண்டு அடுக்காக எழும்புகின்றன. மேல்தட்டை எட்டும் ஏணி, இரு அலமாரிகளுக்கு இடையிலுள்ள பிளவுக்குள் செருகி மறையும்படி செய்திருக்கிறார்கள். அலமாரிகளின் பின்னால் குடியிருக்கும் சிறு வௌவால்கள் இரவில் வெளியே வந்து ஏட்டுப்பூச்சிகளை உண்கின்றன. அவற்றின் எச்சம் படாதிருக்க மேசைகள் மேல் தோல் விரிப்பைப் போர்த்துவது ஊழியர்களின் மாலைக் கடமை. எத்தனையோ நூற்றாண்டுப் புத்தகங்கள் இந்த ஏற்பாட்டில் பிழைத்திருக்கின்றன. நம் ஓலைச்சுவடிகளில் எவ்வளவு செல்லரித்துப் போயிற்று என்பதை நினைத்து அங்கே கலங்கிவிட்டேன்.

என்றிக்கஸ் படித்ததும் இந்நகரில்தான். யூத மரபில் வந்த குடும்பம் என்பதற்காகப் பிரான்சிஸ்கன் சபை அவரை வெளியேற்ற, 1545இல் இங்கேயே இயேசு சபையில் சேர்ந்தார். லிஸ்பனில் அந்த நினைவுக்கல்லின் முன் நின்றபோது இது எனக்கு உறைக்கவில்லை. புதிய பேராலயத்தின் படிகளில் உட்கார்ந்திருந்தபோது உறைத்தது. சொந்த நாட்டில் இரத்தத்தின் பெயரால் ஒதுக்கப்பட்டவர் எங்கள் கரைக்கு வந்து, எங்கள் எழுத்தைத் தட்டுத் தடுமாறிக் கற்றிருக்கிறார். மிளகு வணிகத்தின் கப்பலிலேதான் அவரும் ஏறி வந்தார் என்பதையும் நான் மறக்கவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கோயிம்ப்ராவின் ஃபாடோவை மரபாக ஆண்களே, மாணவ மேலங்கியோடு பாடுகிறார்கள். பாட்டு முடிந்ததும் கை தட்டக் கூடாது. தொண்டையைச் செருமிப் பாராட்டுவதுதான் பழைய வழக்கம். பழைய பேராலயத்தின் அருகே இரவில் கேட்டேன். லிஸ்பன் பாட்டின் நெருக்கம் இதில் இல்லை.

வெள்ளி, போர்த்தோ

1916இல் திறந்த சாவ் பெந்து ரயில் நிலையத்தின் முன்கூடத்தில் இறங்கியவர்கள் பாதையை மறித்துக்கொண்டு நிற்பதில் வியப்பில்லை. ஜார்ஜ் கொலாசோ வரைந்த ஏறத்தாழ 20,000 நீல ஓடுகள் சுவர்களை நிறைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்று 1415இல் மொராக்கோக் கரையின் செயுட்டா நகரைப் பிடித்த காட்சி, இங்கேயும் என்றிக்கே. அவர் பிறந்த ஊர் போர்த்தோ. செயுட்டாவுக்குப் போன படைக்கு நல்ல இறைச்சியையெல்லாம் கொடுத்துவிட்டுக் குடலை மட்டும் வைத்துக்கொண்டார்கள் என்ற கதையால், இவ்வூரார் இன்றும் குடல் தின்பவர்கள் என்றே அழைக்கப்படுகிறார்கள்; அதில் அவர்களுக்குப் பெருமைதான்.

புனித பிரான்சிஸ் கோயிலின் உட்புறத்தில் கல் தெரிவதே அரிது; மரச் செதுக்கல் முழுவதும் பொன் தகடு போர்த்தியது. கண் கூசியது. அதிக நேரம் நிற்க முடியவில்லை.

சனி, போர்த்தோ

1886இல் திறந்த முதலாம் லூயிஸ் பாலத்தின் மேல்தளத்தில் மெட்ரோ தண்டவாளத்தை ஒட்டி நடந்து டோரோ ஆற்றைக் கடந்தேன். அக்கரையில் போர்ட் மதுவின் கிடங்குகள். ஆற்றின் மேற்பகுதி மலைச்சரிவுகளில் விளையும் திராட்சையின் நொதிப்பைப் பாதியில் பிராந்தி சேர்த்து நிறுத்துவதால் அதில் இனிப்பும் வீரியமும் தங்குகின்றன. 1756இல் பொம்பால் இம்மது விளையும் நிலத்துக்கு எல்லை வகுத்தார். முன்பு பீப்பாய்களைச் சுமந்து வெள்ளத்தில் இறங்கிய தட்டைப் படகுகள் இப்போது கரையில் காட்சிக்குக் கட்டப்பட்டிருக்கின்றன.

பிற்பகலில் சந்தைக்குப் போனேன். பலகை பலகையாக அடுக்கிய உப்பிட்டு உலர்த்திய காட் மீன், எங்கள் ஊர்க் கருவாட்டுக் கடை வந்துவிட்டதோ என்று நிற்க வைத்தது. வேடிக்கை என்னவென்றால் இம்மீன் இந்நாட்டுக் கடலில் இல்லை. நார்வேயிலிருந்தும் வட அட்லாண்டிக்கிலிருந்தும் வர வேண்டும். கடைக்காரப் பெண்மணி ஒரு துண்டின் தடிமனைக் காட்டி, எத்தனை முறை தண்ணீர் மாற்றி ஊறவைக்க வேண்டும் என்பதை விரல்விட்டுச் சொன்னார். இரவு அதையே வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டையோடு சாப்பிட்டேன்.

தனியாகப் பை தூக்கிக்கொண்டு இந்நாட்டுக்கு வர நினைக்கும் பெண்களுக்கு: இரவு பத்து மணிக்கும் இந்நகரங்களின் தெருக்களில் குடும்பங்கள் நடமாடுகின்றன, எனக்கு எங்கும் அச்சம் ஏற்படவில்லை. லிஸ்பனின் 28ஆம் எண் டிராமில் மட்டும் பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். நெடுந்தூர ரயில்களுக்கு முன்கூட்டியே பதிவு செய்தால் கட்டணம் வெகுவாகக் குறையும். நாள் குறைவாக இருந்தால், போர்த்தோவில் புகழ்பெற்ற புத்தகக் கடையின் வாசல் வரிசையைத் தயங்காமல் விட்டுவிட்டு, அந்த நேரத்தை லாகோஸுக்கும் விலா விசோசாவுக்கும் கொடுங்கள். பெலெமைப் பார்த்தவர்கள் லாகோஸைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. அண்டிரிக் அடிகளாரின் பெயரை விலா விசோசாவில் கேட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று பேர் கேட்டால், நகராட்சியின் காதிலும் ஒருநாள் விழும்.